இந்தத் தடவை ஒரே நூல்

பெரியபட்டினம்

அன்பு மகன் காஜா நவாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா எழுதுகிறேன். அந்த வெயிலில் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம், அதை இந்த வருசம்தான் மனசாரச் சொல்ல முடிகிறது. போனில் பேசினால் சுருக்கச் சொல்லுங்க உம்மான்னு அவசரப்படுத்துவாய், அதனால் லீவு முடிந்து வியாழக்கிழமை தம்மாம் திரும்புகிற ஆதில் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, பொறுமையாகப் படி.

உன் மகள் ஹுமைராவுக்கு முதுகில் ஆபரேசன் முடிந்து நேற்றோடு ஆறு வாரம். மதுரையில் புதுப் படம் எடுத்து டாக்டரம்மா வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார், தூண்டில் முள் மாதிரி வளைந்து கிடந்த எலும்பு இப்போது ரெண்டு கம்பிக்கு நடுவே நிமிர்ந்து நிற்கிறது. கம்பியைத் திருகாணி போட்டு உள்ளேயே விட்டிருக்கிறார்கள், எலும்பு ஒன்றாகக் கூட ஒரு வருசம் ஆகுமாம். இப்போதைக்குக் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, நாற்காலியில் இருந்துதான் தொழுகிறாள். வாய் மட்டும் குறையவில்லை. நிமிந்து நடன்னு இனிமே ஆரைக் கத்துவீங்க பெத்தம்மா, வேற ஆள் பாத்துக்கங்கன்னு என்னையே கேலி செய்கிறாள். சிரித்தேன் வாப்பா, ஆனால் சுருக்கென்றது. புத்தகப் பையை ஒரே தோளில் போடுவதால்தான் கோணி நிற்கிறாள் என்று மூன்று வருசம் அந்தப் பிள்ளையைத் திட்டியிருக்கிறேன்.

பெருநாளைக்கு நீ அங்கே தைத்து அனுப்பும் புர்க்காவுக்கு வருசா வருசம் நான்தானே நூலில் அளவெடுத்து முடிச்சுப் போட்டு அனுப்புவேன். வலது தோளில் இருந்து பாதம் வரைக்கும் ஒரு நூல், இடதில் இருந்து ஒரு நூல், இடது ரெண்டு விரல் குறைச்சல். அளவு தப்பாமல் எடுத்த எனக்கு, அது ஏன் குறைகிறது என்று கேட்கத் தெரியவில்லை. அந்தப் புர்க்காவைப் போட்டால் பிள்ளை நேராகத்தான் தெரிந்தாள், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. பள்ளிக்கூட உடுப்பு தைக்கிற சாலிஹாதான் கடைசியில், கோணல் துணியில இல்ல பெரியம்மா, புள்ள முதுகுல இருக்கு, எத்தன நாளைக்கு நான் தச்சு மறைக்கிறதுன்னு நறுக்கென்று கேட்டாள். அவளுக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

இனி சொல்லப் போவதுதான் முக்கியம். கால் வெளங்காமப் போச்சுன்னா என்ன செய்வேன், கத்தி வைக்க வேண்டாம்னு நீ பயந்து சொன்னாய். அதை மீறி உன் பெண்சாதி நஸீஹா கையெழுத்துப் போட்டாள் என்று இந்த ஆறு வாரமாக அவளோடு பேசாமல் இருக்கிறாய். அவளைப் போடச் சொன்னது நான். வளைவு கூடிக்கொண்டே போகும், பிறகு மூச்சுக்குக் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், என் மகனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ போடும்மா என்றேன். கோபம் என்றால் என்னிடம் படு. ஆறு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டு, காலை அசைம்மான்னு டாக்டரம்மா சொல்ல, போர்வைக்குள்ளே பத்து விரலும் அசைந்ததைப் பார்த்து நஸீஹா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு, ஒங்க மகனுக்குச் சொல்லணும் மாமி என்பதுதான். நீ போனை எடுக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளையை முழுசாகத் திருப்பிக் கொடுத்தான் அல்லாஹ், வேறு என்ன வேண்டும் நமக்கு. கடிதம் கிடைத்த அன்றைக்கே அவளுக்குப் போன் போடு, எனக்குப் போட வேண்டாம்.

உன் ஆயுசுக்கும் நீ சம்பாதிக்கிற ரிஸ்குக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், வேளைக்குச் சாப்பிடு. பெருநாள் புர்க்காவுக்கு அளவு நூலை உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், நீளம் போன வருசத்தைவிடக் கூடுதல். இன்னொரு நூல் விழுந்துவிட்டதோ என்று தேடாதே. இந்தத் தடவை ஒன்றுதான், நஸீஹாவும் நானும் ரெண்டு தோளிலும் வைத்துப் பார்த்துவிட்டோம்.

துஆவுடன்,
உன் உம்மா காலிதா