செத்த பிறகும் நின்ற கோழிக்குஞ்சு

பாப்பாவின் அப்பாவுக்கு, உங்கள் வீட்டுக்காரி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நான் கூட்டித் துடைக்கிற ஆபீசில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறார்கள். நேற்று அதை எழுதுகிற தம்பி, "அக்கா, சும்மா ஆடிப் பாருங்க, தப்பிருந்தா தெரியும்" என்று உட்காரவைத்தான். திரையில் ஒரு கோழிக்குஞ்சு. பட்டனை அமுக்கினால் தீனி விழும். அரைமணி நேரம் போட்டேன், அது கொத்தவே இல்லை.

தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, உள்ள புரோகிராம்ல அது எப்பவோ செத்துப்போச்சு. திரைக்குச் சொல்ற வரிய எழுத மறந்துட்டேன், அதான் இன்னும் நிக்குது. இப்பச் சொல்லிடறேன்."

"சொல்லாதடா, நிக்கட்டும்!" என்று அவன் கையைத் தட்டிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் துடைப்பத்தோடு கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

பாப்பா நம்மை விட்டுப் போய் இரண்டு வருஷம். இங்கே யார் கேட்டாலும் நாலாவது படிக்கிறாள் என்கிறேன். போன வருஷம் மூன்றாவது என்றேன். வகுப்பு வேறு ஏற்றிவிட்டிருக்கிறேன், நினைத்தால் உடம்பு கூசுகிறது. இன்றைக்கு அந்தத் தம்பியிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

தலைவலித் தைலம் ஒன்று அனுப்புங்கள். வாசலில் கிடக்கும் அவள் செருப்பைத் தொடக்கூடாது என்று உங்களிடம் சண்டை போட்டேனே, அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.