ஆறாவது சைக்கிள்

யாங்கோன்,
ஆடி 6

அன்பு மகள் தமிழரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்காலில் ஒரு சிராய்ப்பும் முழங்கையில் ஒரு வீக்கமும் தவிர. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். சிராய்ப்பு எப்படி வந்தது என்று கேட்க உடனே போனைத் தூக்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய், போனில் உன் முகம் தெரியும், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தவிர இங்கே கரண்ட் இருக்கும்போது நெட் இல்லை, நெட் இருக்கும்போது கரண்ட் இல்லை. இக்பால் மாமா மகள் ஸமீரா அடுத்த வாரம் பாரிசுக்கு வருகிறாளே, அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தமிழ் படிக்க உனக்கு நேரம் பிடிக்கும் என்று தெரியும், மெதுவாகவே படி. அப்பாவின் மானம் போவதானால் மெதுவாகவே போகட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, டாக்டரம்மாவே மெச்சினாள், அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட வீட்டுக்கு வந்ததும் இரண்டு துண்டு ரவை கேக் சாப்பிட்டுவிட்டாள். பெரியம்மா மகன் கணேஷ்குமாருக்குத் தை மாதம் கல்யாணம், பெண் லைங் தாயாவில் தையல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அவனைவிட இரண்டு மடங்கு கெட்டிக்காரி, அதனால் எல்லோருக்கும் நிம்மதி. மழை விடாமல் கொட்டுகிறது, நம் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர், மூன்றாவது மாடி என்பதால் நமக்கு ஏறி இறங்கும் கஷ்டம் தவிர வேறு கஷ்டமில்லை. இப்படியே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போய்விடுவேன், ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, விஷயத்துக்கு வாங்க, விஷயத்துக்கு வாங்க என்று என் தோளை இடித்துக்கொண்டே இருக்கிறாள். வந்துவிட்டேன்.

அரசி, எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதாவது, ஆறு வாரம் முன்பு வரை சுத்தமாகத் தெரியாது. அப்பாடா, எழுதியாகிவிட்டது.

என்னப்பா உளறுகிறீர்கள், நம் வீட்டில்தான் பச்சை சைக்கிள் இருந்ததே, அதில்தானே என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டீர்கள் என்பாய். நன்றாக நினைத்துப் பார். உன்னைக் கேரியரில் உட்கார வைத்து நான் பக்கத்தில் நடந்து தள்ளிக்கொண்டு வருவேன், ஒரு நாளாவது ஏறி மிதித்தேனா? அந்தச் சைக்கிள் உன் அம்மாவைப் பெற்றவர் கல்யாணச் சீராகக் கொடுத்தது. பந்தலில் நூறு பேர் நடுவில், மாப்பிள்ளைக்கு ஓட்ட வரும்ல என்று கேட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பிள்ளை நான், எங்கள் வீட்டில் சைக்கிள் ஏது? அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பேஷா வரும் மாமா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எங்கே போய்ப் பழகுவது, தெரு முழுக்கத் தெரிந்த முகம். அதனால் தள்ளினேன். டிபன் கேரியரை முன்னால் மாட்டிக்கொண்டு துறைமுக ஆபீஸ் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். யாராவது பார்த்தால் காற்று இறங்கிவிட்டது என்பேன், செயின் கழன்றுவிட்டது என்பேன். இருபது வருஷமாக ஒரு சைக்கிளில் காற்றே நிற்கவில்லை என்றால் ஒருவனாவது சந்தேகப்பட வேண்டாமா? ஒருவரும் கேட்டதில்லை, ரங்கூன்காரர்களின் நல்ல மனசு அது. நீ எட்டு வயதில், எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்கப்பா என்று என் கையைப் பிடித்து இழுத்தாய், ஆபீசில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லி உன்னை ஸமீராவோடு அனுப்பிவிட்டேன். வேலை ஒரு மண்ணும் இல்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

சித்திரையில் நீ வீடியோவில் கூப்பிட்டு உன் சிநேகிதி கிளேரைக் காட்டினாய். அவளிடம் பிரெஞ்சில் என்னவோ சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, நான் விழுந்துடுவேன்னு பயந்து எங்கப்பா என்னை வச்சு ஓட்டவே மாட்டார், ஸ்கூல் வரைக்கும் நடந்தே தள்ளிட்டு வருவார்னு சொன்னேன்ப்பா என்றாய். கிளேர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உனக்கும் கண் கலங்கியது. அந்த நேரத்தில் எவன் உண்மையைச் சொல்வான்? சரி, வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். உன்னை இறக்கிவிட்டதும் ஏறி மிதித்து ஆபீசுக்குப் பறந்துவிடுவேன் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அடுத்த நிமிஷமே நீ, அப்படின்னா செப்டம்பர்ல எங்களோட வாங்கப்பா, நாங்க அஞ்சு பேர், லுவார் ஆத்தங்கரையில ஆறு நாள், அவசரமே கிடையாது, ஊர் ஊரா நின்னு சாப்பிட்டுட்டுப் போவோம், உங்களுக்கு ஆறாவது சைக்கிள் சொல்லிடறேன், அம்மா சாமான் வண்டியில வரட்டும் என்றாய். நானும் ஆகா என்றேன். விசா கிடைக்காது என்ற தைரியம்தான். இந்தக் காலத்தில் நம் பாஸ்போர்ட்டைப் பார்த்து யார் கதவைத் திறக்கிறார்கள்? அம்மா காளி கோயிலில் விசா வர வேண்டும் என்று விளக்கு போட, நான் பக்கத்தில் நின்று, தாயே இவள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று வேண்டினேன். ஆனி பிறப்பதற்குள் இரண்டு பேருக்கும் விசா வந்துவிட்டது. அந்தத் தாய் எப்போதும் உன் அம்மா கட்சி.

வேறு வழியில்லாமல் மறுநாளே பான்சொடான் ஜெட்டியில் படகு ஏறி டாலாவுக்குப் போனேன். அக்கரையில் நம்மைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. அங்கே மாரிச்சாமி என்று ஒருவன், பக்கத்தில் ஆளை உட்கார வைத்து மிதிக்கிற சைக்கா ஓட்டி, நாற்பது வயதிருக்கும், நம் பேச்சுக்காரன். ஊருக்கு வெளியே ஒரு காலித் திடலில் வைத்துத் தன் பழைய சைக்கிளில் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டான். அண்ணே, சைக்கிளுக்குத் தனியா புத்தி கிடையாது, நீங்க எங்க பாக்குறீங்களோ அது அங்கதான் போவும் என்றான். ஆட்டைப் பார்த்தேன், ஆட்டின் மேல் போனேன். குட்டையைப் பார்த்தேன், குட்டைக்குள் போனேன். ஒவ்வொரு தடவையும், யபாடே அண்ணே, யபாடே, ஒண்ணும் ஆவல என்று தூக்கி நிறுத்துவான். அறுபத்து மூன்று வயதில் இந்தக் கூத்தா என்று எத்தனை நாள் படகிலேயே நினைத்து நினைத்து நொந்தேன் தெரியுமா. பதினெட்டாவது நாள் அவன் கையை எடுத்தது எனக்குத் தெரியவில்லை, சைக்கிள் தன்பாட்டுக்குப் போகிறது, நானும் அதன்மேல் போகிறேன்! அடேய் மாரிச்சாமி, போவுதுடா, போவுதுடா என்று நான் போட்ட கூச்சலில் திடலில் மேய்ந்த ஆடெல்லாம் தெறித்து ஓடியது. கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை. இந்த வரியை அம்மா இன்னும் பார்க்கவில்லை.

அம்மாவிடம் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. தினமும் லுங்கியில் சேறு, உங்களுக்கு டாலாவுல என்ன ஜோலி, யாரு இருக்கா அங்க என்று ஒரு நாள் வாசலை மறித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். சிரித்தாள் சிரித்தாள், அப்படிச் சிரித்தாள், புரையேறித் தண்ணீர் குடிக்கும் வரை சிரித்தாள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, அப்ப முப்பத்தஞ்சு வருஷமா நீங்க என்னைப் பின்னால ஏத்தாதது இதுனாலதானா, நான் கனமா இருக்கேன்னு கூச்சப்படறீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் மானத்துக்காக நான் சொன்ன பொய்யை அவள் தன் உடம்பின் மேல் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள், நான் ஒரு நாளும் அதை யோசித்ததில்லை. அன்றைக்குத்தான் உனக்கும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முழங்காலுக்கு வருகிறேன். இக்பால் மாமாவும் அவர் டீக்கடைக் கூட்டமும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாலாவிலிருந்து த்வாண்டே வரை நிதானமாகச் சைக்கிளில் போய்ப் பானைக் கொட்டகைகளைப் பார்த்து, வயிறு முட்டச் சாப்பிட்டு வருவார்கள். என்னையும் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்கு அன்றைக்கென்று தலைவலி வரும். போன ஞாயிறு நான் பழகப் போன படகிலேயே அவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், வரவில்லை, ஆக ஒன்பது பேர். ஒன்பது பேராகப் பயணம் போனால் ஆகாது என்று பர்மாக்காரர்கள் எப்படிப் பயப்படுவார்கள் என்று உனக்குத் தெரியுமே. அக்கரை இறங்கியதும் அவர்களில் கோ தான் ஊ என்பவர் ஒரு கல்லைப் பொறுக்கிக் கழுவி, இதுதான் பத்தாவது ஆள் என்று பையில் போடப் போனார். இக்பால் என்னைக் காட்டி, கல்லு எதுக்கு, இந்தா நிக்கிறான்ல துரை என்றார். எனக்கு ஓட்ட வராது இக்பால், பழகிட்டு இருக்கேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், அம்மாவிடம் சொன்ன பிறகு நாக்கில் கூச்சம் விட்டுப் போயிருந்தது. அவர் அசரவில்லை. கல்லுக்கு மட்டும் ஓட்டத் தெரியுமா, ஏறுடா என்றார்.

அப்படியாக ஒரு கல்லுக்குப் பதிலாக மாரிச்சாமியின் சைக்கிளில் உன் அப்பா த்வாண்டேக்குக் கிளம்பினேன். அதில் ஒரு சௌகரியம் பார், என்னை விட்டுவிட்டு அவர்களால் போக முடியாது, நான் பின்தங்கினால் அவர்கள் ஒன்பது பேராகிவிடுவார்களே! அதனால் நான் நிற்கும் இடத்திலெல்லாம் மொத்தக் கூட்டமும் நின்றது. முதல் நிறுத்தத்தில் டீ, இரண்டாவதில் ஒரு கிண்ணம் மொஹிங்கா, மூன்றாவதில் வழிப்போக்கருக்கு வைத்திருந்த பானைத் தண்ணீர், பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. ரொம்ப நேரம் மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், கால்வாயில் படகு, முகத்தில் காற்று. முகத்தில் காற்று அடிக்கும் என்று இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, தள்ளிக்கொண்டு நடப்பவனுக்கு அது அடிக்காது. ஒரு வலது பக்க வளைவில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தேன், அவ்வளவுதான், வயலுக்குள் போய்விட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே என்னையும் சைக்கிளையும் மேலே ஏற்றிவிட்டார்கள், முழங்கால் அங்கே போனது. த்வாண்டேயில் வரிசை வரிசையாகப் பானை காய வைத்திருந்த இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளினேன், அதில் எனக்குள்ள அனுபவம் யாருக்கும் கிடையாது. திரும்பும்போது ஒரு வாடகைப் பிக்கப் வண்டியின் கூரையில் சைக்கிளைக் கட்டி, நான் உள்ளே இக்பால் பக்கத்தில் உட்கார்ந்து, டாலா வரை வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்தேனாம், இக்பால் சொல்கிறார்.

இப்போது என் நிலவரம் இது. நேராகப் போவேன், இடது பக்கம் திரும்புவேன், வலது பக்கம் திரும்புவது அம்மன் விட்ட வழி. நிறுத்த வேண்டுமென்றால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பமோ மரமோ வேண்டும், நீ அனுப்பிய படத்தில் ஆற்றங்கரை நெடுக மரம் தெரிகிறது, அது ஒரு ஆறுதல். செப்டம்பருக்குள் இன்னும் தேறிவிடுவேன். விழுவது எனக்குப் பயமில்லை அரசி. நீ கிளேரிடம் சொன்ன கதையை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேனே, அதுதான் பயம். அந்தக் கதையில் இருந்த அப்பா மகள் விழுந்துவிடுவாளே என்று நடந்தார், இந்த அப்பா வெளியே தெரிந்துவிடுமே என்று நடந்தார். நீ கேரியரில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தது மட்டும் நிஜம், அந்த நடையில் எனக்கு ஒரு நாளும் கால் வலித்ததில்லை, அதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். இதைப் படித்து உன் மனசு விட்டுப் போனால் ஆறாவது சைக்கிளை வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் அம்மாவோடு சாமான் வண்டியில் உட்கார்ந்து வருகிறேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் எனக்கு ஆசையாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப ஆசையாக இருக்கிறது.

அம்மா உனக்குக் காய்ந்த இறால் போட்டுப் பலாச்சாங் வறுத்து இரண்டு பாட்டில் ஸமீராவிடம் கொடுத்திருக்கிறாள், ஆபீசில் திறக்காதே, வாசனைக்கு ஊரே கூடிவிடும். வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டை ரொட்டியோடு முடிக்காதே, சோறு வடி. காளியம்மன் உனக்குக் குறை வைக்க மாட்டாள், நீ நினைத்ததெல்லாம் நடந்து நூறு வயசு நன்றாக இருப்பாய் கண்ணு. மறக்காமல் சைக்கிள் கடைக்காரரிடம் சொல், சீட்டை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி வைக்கட்டும், என் இரண்டு காலும் தரையில் பட வேண்டும். நீங்கள் ஐந்து பேரும் முன்னால் போங்கள், நான் கடைசியில் வருகிறேன். நீ மட்டும் திரும்பிப் பார்க்காதே, நீ பார்த்தால் நானும் உன்னைத்தான் பார்ப்பேன். விழுந்த சத்தம் கேட்காத வரைக்கும் அப்பா பின்னால் வந்துகொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

உன் அப்பா,
பொன்னுத்துரை