மாமா பேசப் போன இடத்தில்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நானும் உன் மகனும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். உனக்கு மூட்டுவலி தேவலையா?

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. சில பையன்கள் இவன் நிறத்தைக் கேலி செய்து, திக்குவதையும் நடித்துக் காட்டி, "உங்க ஊருக்கே ஓடு" என்றார்களாம். இவனும் ஊருக்கே போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டான். விடுவேனா? நான் வேலை செய்யும் சலவைக்கடைக்கு வந்த ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கே போனேன். நான் போட்ட சத்தத்தில் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

அதாவது, அதிர்ந்திருக்கும். "என்ன விஷயம்?" என்று அவர் கேட்டதும், பன்னிரண்டு வருஷம் இங்கே குப்பை கொட்டிய எனக்கு இந்த ஊர்ப் பாஷையில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவரோ என் காலரில் தொங்கிய கடைச் சீட்டையே பார்த்தார்.

உன் மகன் என் கையைப் பிடித்தான். "எ... எங்க மாமா என்ன சொல்ல வந்தாருன்னா" என்று ஆரம்பித்து, நடந்தது முழுவதையும் திக்கித் திக்கியே சொல்லி முடித்தான். அந்தப் பையன்களின் பெற்றோரை வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார் தலைமையாசிரியை.

வெளியே வந்து, "மா... மாமா, நீங்க திக்கி நான் பார்த்ததே இல்ல" என்று சிரித்தான். இன்று அவனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

போனில் அவனுக்குச் சொல் நின்றால் நீ எடுத்துக் கொடுக்காதே, அவனே முடிப்பான். அவனோடு பேசியதும் வைத்துவிடாமல் என்னையும் கூப்பிடு.

கோட்டுக்காரர் வந்து நிற்கிறார், நான் இன்னும் தேய்க்கவில்லை.

உன் தம்பி