அப்பா படம் இருந்த சுவர்

எல்கடுவ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பிரதீசுக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி தினுஷாவும் மாரியம்மா புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை, சுகம் கூடிப்போனதால்தானே இந்தக் கூத்தெல்லாம். போனில் ஏசினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், கடைசிவரை வாசி.

நீ அனுப்பிய டிவியைக் கதவைக் கழற்றித்தான் காம்பராவுக்குள் ஏற்றினார்கள். உன்னிடம் யாரடா டிவி கேட்டது? கூடவே வந்த ஸ்பீக்கரைப் போட்டால் அடுத்த காம்பரா இலட்சுமி அக்காவின் சட்டி பானையெல்லாம் ஆடுகிறது. நம் காம்பராவில் ஈரம் இறங்காத சுவர் ஒன்றுதான், அதில் அப்பா படம் இருந்தது. டிவி மாட்ட வந்தவன் கேட்காமல் கொள்ளாமல் படத்தைக் கழற்றி அரிசி வாளி மேல் வைத்துவிட்டு நாலு ஓட்டை போட்டிருக்கிறான். நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன், இருந்திருந்தால் கூடையாலேயே போட்டிருப்பேன். தினுஷா வேறு, புதுச் சாமான் என்று டிவிக் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள்.

அப்பாவின் தலைத்திவசத்துக்கு வருகிறேன் என்றாய். பிறகு, இல்லம்மா, ரெண்டு கம்பெனிக்காரங்க ராக்கெட் போட்டி வைக்கிறாங்க, பார்க்க வர்றவங்களுக்கு நான்தான் பந்தல் போடுறேன், அன்னைக்கு டிவியில பாருங்க, நான் தெரிவேன் என்றாய். கொள்ளி வைக்கவும் நீ வரவில்லை, பிளேன் டிக்கட் கிடைக்கவில்லை என்று பொறுத்துக்கொண்டேன். இதற்கு என்ன சொல்ல? உன் இடத்தில் சித்தப்பா லெட்சுமணன் உட்கார்ந்து எள்ளும் தண்ணியும் விட்டார். படையல் முடிந்ததும் லயத்துச் சனமே வந்து மூன்று மணித்தியாலம் பார்த்தது. ஒரு ராக்கெட் கிளம்பவே இல்லை. மற்றது புகையைக் கக்கிக்கொண்டு மேலே போய், போன கையோடு திரும்பி வந்து நின்றது, அதற்கு அங்கே அத்தனை பேரும் கைதட்டினார்கள். காசு கூடினவனுக்குப் பொழுது போகவில்லை என்றால் மரக்கறித் தோட்டம் கொத்தட்டுமே. நீ எங்கேயும் தெரியவில்லை. பொட்டு மறைக்கிறதோ என்று முந்தானையால் துடைத்தும் பார்த்தேன். அந்தத் தகரக் குழாய்கூடக் கிளம்பின இடத்துக்குத் திரும்பி வருகிறது, பெற்ற பிள்ளை வரவில்லை.

டிவியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அப்பா படம் பழைய ஆணியிலேயே இருக்கிறது, சுற்றி நாலு ஓட்டை. சித்தப்பா சீமெந்து குழைத்துக்கொண்டு வந்தார், நான் கை வைக்க விடவில்லை. உன்னால் விழுந்த ஓட்டை, நீயே வந்து பூசு. அதுவரைக்கும் அப்படியே கிடக்கட்டும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாரியம்மா உன்னைக் காப்பாற்றுவாள், எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. வரும்போது ஒரு சாமானும் கொண்டுவராதே, கையை வீசிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்திரகாந்தா