பெண் பார்க்க வந்தவர் கொண்டுபோன கார் புத்தகம்

ஆவடி,
8.2.88

அன்புள்ள அண்ணனுக்கு வடிவு எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மஸ்கட்டில் உன் ஒர்க்‌ஷாப், சாப்பாடு எல்லாம் எப்படி? எங்கள் நினைப்பு இருக்கிறதா இல்லையா?

நேற்று திருநின்றவூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சண்முகசுந்தரம், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நான் காபி கொடுக்கும்போதே அவர் கண்ணில் உன் இத்தாலி கார் போட்டோ புத்தகம் பட்டுவிட்டது. மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கினாயே, அதேதான். அப்புறம் தலை நிமிரவே இல்லை. "லைட்டப் போடுங்க" என்று மட்டும்தான் என்னிடம் பேசினார். போட்டேன். கிளம்பும்போது "பாத்துட்டுத் தரேன்" என்று எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

"வேணாம்னா பொருளை எடுத்துகினு போவாங்களாடி? திருப்பிக் குடுக்க வந்துதானே ஆவணும்" என்கிறாள் அம்மா. பக்கத்து குவார்ட்டர்ஸ் அன்னம்மாள் அக்காவிடம் முடிந்த மாதிரியே சொல்லிவிட்டாள். எனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது அண்ணா. சிரிக்காதே.

உன் தங்கை
வடிவு


மஸ்கட்,
1.3.88

என் அருமை வடிவுக்கு,

சிரிக்காமல் என்ன செய்ய! அந்தப் புத்தகத்தை உன்னைக்கூட நான் தொட விட்டதில்லை. போகட்டும், மாப்பிள்ளைக்கு மச்சானின் முதல் சீர் அது. கார் ரசிப்பவன் கெட்டவனாக இருக்க மாட்டான். பதில் வந்ததும் எழுது, லீவு கேட்கிறேன். ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

குணசேகரன்


ஆவடி,
20.6.88

அண்ணனுக்கு,

லீவு கேட்க வேண்டாம். திருநின்றவூர்க்காரருக்குப் போன மாதம் கல்யாணம் ஆகிவிட்டதாம். தரகர்தான் சொன்னார். நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ரேஷன் வாங்கினேன், தண்ணீர் பிடித்தேன். அன்னம்மாள் அக்கா இன்னும் "தேதி குறிச்சாச்சா?" என்று கேட்கிறாள். இல்லை என்கிறேன்.

வடிவு


மஸ்கட்,
9.7.88

அன்புத் தங்கச்சிக்கு,

கட்டையில போறவன், அவன் கிடக்கிறான் விடு. ஆனால் புத்தகத்தை விடாதே. உன்னை வேண்டாமென்றவன் வீட்டில் அது எதற்கு? அப்பாவை அனுப்பி வாங்கு. வேறு நல்ல இடம் பார்க்கச் சொல்லி அம்மாவுக்கும் எழுதுகிறேன்.

உன் அண்ணன்


ஆவடி,
1.8.88

அண்ணனுக்கு,

அப்பா போக மாட்டேன் என்றுவிட்டார், கௌரவக் குறைச்சலாம். நானே ரயிலேறிப் போனேன்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். நல்ல பெண். உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். குடித்தேன். கார் புத்தகம் வாங்க வந்தேன் என்றதும் உள்ளே போய்ச் சொன்னாள். அவர் புத்தகத்தோடு வந்தார்.

"ஆவடி ஊட்டு புக்குதானே இது? நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை அண்ணா, நிஜமாகவே என்னைத் தெரியவில்லை. அந்த வீட்டுப் பெண் என்றேன். "அப்டியா, நல்ல புக்கும்மா" என்று பையில் போட்டுக் கொடுத்தார். ஒரு படம்கூடக் கசங்கவில்லை, ஜாக்கிரதையாகத்தான் வைத்திருந்திருக்கிறார்.

ஆடி முடிந்ததும் பாரிவாக்கத்திலிருந்து யாரோ பார்க்க வருகிறார்களாம். அம்மா இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டாள். நான் போய் நிற்க மாட்டேன் அண்ணா. கோபம் இல்லை, யார் மேலும் இல்லை. என்னால் முடியவில்லை. நான் சொன்னால் அம்மா கேட்க மாட்டாள், நீ எழுதினால் கேட்பாள். யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிடு. நீயும் இனி இடம் பார்க்கச் சொல்லாதே.

வடிவு