மர்ழியா ராத்தாவின் சிவப்பு ஊசிகள்

மனசுக்குள் அக்காவாக எத்தனையோ தரம் கூப்பிட்டும் வாயால் அதிகம் கூப்பிடாத என் மர்ழியா ராத்தாவுக்கு,

நீங்கள் மௌத்தாகி நாற்பது நாள் கழிந்துவிட்டது. உங்களுக்காக ஓதின நாற்பதாம் நாள் கத்தத்துக்குக் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்திருந்தேன். வயிறு நிறையச் சோறு போட்டார்கள். திரும்புகிற நேரம் உங்கள் மகள் ரிஃப்கா ஒரு வார்த்தை சொன்னாள். சோறு அன்றைக்கே செரித்துவிட்டது, அந்த வார்த்தை இன்னும் செரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வத்தேகமவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் நீங்கள்தான் மிட்வைஃப். குடையும் கறுப்புப் பையும் பிள்ளை நிறுக்கிற தொங்கு தராசுமாக நீங்கள் ஏறாத மேடு இல்லை. நான் அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த சுகாதார வைத்திய அதிகாரி. கண்டி டவுனில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, தோட்டத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வயதில் உங்களுக்கு மிக இளையவள், பதவியில் மேலே. வாய்க்கு அவசரம் வேறு.

வந்த மூன்றாம் மாதம் ஒரு பெரிய யோசனை செய்தேன். அலுவலகக் கூட்ட ஹோலின் சுவரில் நம் பகுதியின் வரைபடத்தை மாட்டி, எங்கெங்கே நிறை குறைந்த பிள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்புத் தலை வைத்த குண்டூசி குத்தினேன். மாதக் கூட்டத்துக்கு வருகிற மிட்வைஃப்மார் எல்லாரும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். ஊசி குறைந்தவருக்குக் கைதட்டல். கூடியவருக்கு என்ன கிடைத்தது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

உங்கள் மலைகள் மட்டும் அம்மை போட்ட உடம்பு மாதிரி சிவந்திருந்தன. உங்களை எழுப்பி நிறுத்தினேன். மற்றவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்டேன். நீங்கள் அவசரப்படாமல் பதில் சொன்னீர்கள்.

"நிறுக்காத புள்ள எல்லாம் கொழுத்த புள்ள தான் டொக்டர்."

ஹோலே சிரித்தது. எனக்குச் சுரீர் என்றது. என்னைத்தான் நக்கல் பண்ணுகிறீர்கள் என்று நினைத்தேன். வேலை செய்ய ஏலாவிட்டால் சொல்லுங்கள், செய்யக்கூடிய ஆளைப் போடுகிறேன் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். சிரிப்பு நின்றது. நீங்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அடுத்த மாதமே உங்களைக் கட்டுகஸ்தோட்டை டவுனுக்கு மாற்றினேன். வீட்டுக்குப் பக்கம்தானே, நல்லதுதானே செய்தேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

உங்கள் இடத்துக்கு வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளை ஒழுங்காக நிறுத்தார். சிவப்பு ஊசிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கொழும்பிலிருந்து வந்தவர்கள் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். நானும் நின்றேன், பல்லெல்லாம் தெரிய.

அதற்குப் பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரியில் செல்வியைப் பார்த்தேன். வேறு அலுவலாகப் போன இடத்தில், சளிக்காய்ச்சலோடு கிடந்த ஒரு மூன்று வயதுப் பிள்ளை கண்ணில் பட்டது. கை விறகுக்குச்சி. பக்கத்தில் தாய், அவள் பெயர்தான் செல்வி. உங்கள் பழைய தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். பிள்ளையின் கார்டை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் இருந்த மாதம் வரை உங்கள் குண்டு எழுத்தில் நிறை போட்டிருந்தது. பிறகு வெறும் கட்டங்கள். ஏன் கிளினிக்குக்குக் கொண்டுவரவில்லை என்று கேட்டேன். கேட்டேன் என்றா சொன்னேன்? ஏசினேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மெலிஞ்ச புள்ளைய கொண்டு போனா எல்லாருக்கும் முன்னால ஏசுவாங்க. அதனால கிளினிக் அன்னைக்கு புள்ளக்காம்பராவுல விட்டுட்டு வேலைக்குப் போயிருவோம். முந்தி இருந்த மிஸ்ஸுன்னா பொழுதுபட நம்ம வீட்டு காம்பராவுக்கே வந்து, கதவை சாத்திட்டு நிறுப்பாங்க. யாருக்கும் தெரியாது."

மெலிந்த பிள்ளைகள் எல்லாம் கிளினிக் நாளில் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் ஆயம்மாவிடம் ஒளிந்திருக்கின்றன. வந்ததெல்லாம் கொழுத்த பிள்ளைகள். உங்கள் மலையில் சிவப்பு கூடியிருந்ததற்குக் காரணம், தேடிப் போய் நிறுத்தது நீங்கள் ஒருவர்தான். ஐந்து வருஷம் மருத்துவம் படித்த என் தலையில் இது ஏறவில்லையே, ராத்தா. அந்தத் தாய்மார் எதற்குப் பயந்தார்களோ, அதையேதான் நான் உங்களுக்கும் செய்திருக்கிறேன்.

பிள்ளை பிழைத்தாள். இப்போது கண்டியில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறாள். நல்ல வாயாடி.

அன்றைக்கே பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர்கள். கதிரை கொண்டுவரச் சொன்னீர்கள், நான் நின்றுகொண்டே அழுதேன். உடுங்க டொக்டர், தேத்தண்ணி ஆறுது என்றீர்கள். அவ்வளவுதான். நான் மாற்றத்தை ரத்துச் செய்ய, அடுத்த திங்கட்கிழமை பழையபடி மலை ஏறிவிட்டீர்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று ஒரு பொய் சொல்லி நான் படத்தைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

பிறகு எத்தனை வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். நீங்கள் பென்ஷன் போன அன்று அந்த ஹோலில் மாலை, கேக், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்திருந்தேன். முழங்கால் வருத்தம், வர ஏலாது என்று ஆள் விட்டீர்கள். நானும் நம்பி, எண்ணெய் போத்தல் ஒன்று வாங்கி அனுப்பினேன். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள், இல்லையா?

கத்தத்தன்று ரிஃப்கா சொன்னது இதுதான். "உம்மாக்கு முழங்கால் வருத்தம் ஒன்டும் இருக்கல்ல டொக்டர். அந்த ஹோலுக்குள்ள காலெடுத்து வைக்க ஏலான்டு சென்னாங்க. ஏசினது சபைல, மன்னிப்புக் கேட்டது அடுப்படிலன்டு சென்னாங்க."

கோபமாகச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லையாம், சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்களாம். கோபமாகச் சொல்லியிருக்கலாமே, ராத்தா. எனக்கு நேரே ஒரு தரம் ஏசியிருக்கலாமே. இத்தனை வருஷமும் மாதா மாதம் பின் வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்ததை நான் ஏன் கவனிக்கவில்லை?

இங்கத்தைய செய்தியையும் சொல்கிறேன். இப்போது மாவட்டத்தின் தாய் சேய் வேலை முழுக்க என் தலையில். சாமான் விலை ஏறின பிறகு மலையில் பிள்ளைகள் திரும்பவும் மெலிந்து வருகின்றன. பால்மா வாங்க ஏலாது என்று தாய்மார் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு அறிக்கை சிவந்திருப்பது பிடிக்கவில்லை. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று தொலைபேசியில் பக்குவமாகச் சொல்கிறார்கள். அந்தப் பக்குவத்தின் அர்த்தம் நமக்குத் தெரியாதா?

போன மாதம் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மிட்வைஃப் என்னிடம் ஒதுங்கி வந்தாள். புதியவள், மேட்டுப் பக்கத்துக்காரி. வீட்டுக்குப் போய் நிறுத்த பிள்ளைகளையும் பட்டியலில் சேர்க்கவா, சேர்த்தால் என் ஏரியா மோசமாகத் தெரியுமே என்று குசுகுசுவெனக் கேட்டாள். சேருங்கள் என்றேன். ஆனால் நானும் குசுகுசுவெனத்தான் சொன்னேன், ராத்தா. ஒரு நல்ல வார்த்தையைக்கூட இன்னும் ஒளித்துத்தான் சொல்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை மாதக் கூட்டம், அதே ஹோலில். அன்றைக்கு இருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் இன்னும் சேவையில் இருக்கிறார்கள். ரிஃப்காவும் வருகிறேன் என்றிருக்கிறாள். முன் வரிசையில் அவளுக்குக் கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். பட்டியல்களை எடுப்பதற்கு முன் நான் எழுந்து நிற்பேன். உங்கள் பெயரைச் சொல்லி, அன்றைக்கு நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் திரும்பச் சொல்லி, அது பிழை, பிழை செய்தது நான் என்று மைக்கிலேயே சொல்வேன். பிறகு சிவப்பு அதிகமாகக் கொண்டுவந்திருப்பவரை முதலில் பேசச் சொல்வேன். மேலே இருப்பவர்கள் என்ன சொன்னாலும் அந்தப் பட்டியலில் ஒரு பிள்ளையையும் வெட்ட மாட்டேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும், எல்லாருக்கும் கேட்டால் போதும்.

மனசுக்குள் ராத்தா என்று உங்களை அழைத்தும், கடைசிவரை என்னை 'டொக்டர்' என்றே உங்களைக் கூப்பிட வைத்துவிட்ட,

உங்கள் தங்கச்சி,
சாந்தி