விமானத்தில் கைவைத்தது யார்

உன் ஹெட்போனைக் காதில் மாட்டியதும் தலைவலித் தைலத்தின் வாசனை அடித்தது. நீ போய் ஐந்து மாதமாகியும் அதன் காதுப் பஞ்சிலிருந்து அது போகவில்லை. கம்ப்யூட்டர் மகளின் படிப்புக்கு வேண்டும், அதிலுள்ள உன் விளையாட்டு விமானங்களை அழித்துக் கொடுங்கள் என்று உன் மனைவி ஸ்டெல்லா போன் செய்திருந்தார். திருவொற்றியூரில் பஸ் ஏறும்போதே எனக்கு மனசு சரியில்லை. உன் சாவுக்கு வந்ததைத் தவிர்த்தால், ராயபுரத்தில் உன் வீட்டுப் படியேறி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

துறைமுகத்தில் நீ கிரேன் எலக்ட்ரீஷியன். அதே கிரேன்களுக்கு நான் ஹைட்ராலிக் மெக்கானிக். நாம் இருவரும் நிஜ விமானத்தில் ஏறியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரில் ஓட்டுவோம். உனக்குப் பறப்பதைவிடச் சோதிப்பதில்தான் ஆசை. அந்த விளையாட்டுக்கென்று முதலில் வாங்கிய விமானத்தில், ஒரு விளக்குக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரை இழுத்துவிட்டுப் பார்த்தாய். விளக்கு அணையவில்லை.

“இன்னா மாமு, இது ப்ளேனா, காலண்டர் படமா? பின்னால ஒயரே இல்ல.”

அடுத்து வாங்கிய விமானத்தில் எல்லாமே அசல்போல இயங்கும் என்று போட்டிருந்தார்கள். நீ நம்பவில்லை. மூன்று வாரம் தரையிலேயே நிறுத்தி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக்கொண்டிருந்தாய். எனக்கு அலுத்துவிட்டது. நீ டீ எடுக்க உள்ளே போன நேரத்தில், கோளாறுகளை நாமே வைக்கும் பக்கத்தைத் திறந்து, ஹைட்ராலிக் எண்ணெய் கசியும்படி ஒரு டிக் போட்டேன்.

அன்றுதான் முதல்முறை அதைப் பறக்கவிட்டாய். தரையிறங்க வரும்போது எண்ணெய் அழுத்தம் சரிந்தது. சக்கரம் வெளியே வரவில்லை. வியர்க்க வியர்க்க அவசரப் பிடியைத் தேடி இழுத்தாய். சக்கரங்கள் தம் எடையிலேயே கீழே விழுந்து பூட்டிக்கொண்டன. இறங்கி நின்றதும் என் தோளைப் பிடித்து, “மெய்யாலுமே உள்ள எண்ணெய் ஓடுதுடா” என்றாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிறு நீயே அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாய். நான் போட்ட டிக் அப்படியே இருந்தது.

“நீ கை வச்சியா?”

“நான் எதுக்கு வைக்கப் போறேன்?”

நீ டிக்கை எடுத்துவிட்டாய்.

அதற்கடுத்த வாரம் விமானத்தில் பேட்டரி செத்திருந்தது. அதன் பின்னும் அப்படியே. அதில் நான் கைவைக்கவில்லை. ஆனால் நீ ஒவ்வொரு முறையும் திரையைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாய்.

“சொல்லிட்டு செய் மாமு. சொல்லாம செஞ்சா, எது மெய்யாலுமே கெட்டுச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

நான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன். நீ கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டாய். அதன் பிறகும் பேட்டரி செத்தது. பாஸ்வேர்டையும் நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்தாய். கூப்பிடுவதை நிறுத்தினாய், நானும் வீம்பாக வருவதை நிறுத்தினேன். வேலையிடத்தில் ஸ்பேனர் வாங்குவது கொடுப்பதோடு பேச்சு முடிந்தது. ஒரு காலையில், குளிக்கப் போன இடத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாய் என்று போன் வந்தது.

இன்று அழிப்பதற்கு முன், ஸ்டெல்லா சொன்ன பாஸ்வேர்டைப் போட்டு அந்த விமானத்தைத் திறந்தேன். பேட்டரி செத்துக் கிடந்தது. அதன் சுவிட்ச் மட்டும் போட்டபடியே இருந்தது. கூடவே வந்த கையேட்டைத் தேடிப் படித்தேன். அணைக்காமல் விட்டால், கம்ப்யூட்டரை மூடிய பின்னும் நாள் கணக்கில் பேட்டரி இறங்கிக்கொண்டே போகுமாம். சாப்பிடக் கூப்பிட்டதும் எல்லாவற்றையும் அப்படியே மூடிவிட்டு எழுந்துபோவது உன் பழக்கம். அசலாக இருக்காது என்று நீ சந்தேகப்பட்ட விமானம் அசலாகவே நடந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லாவிடம் பேட்டரியைப் பற்றிச் சொன்னேன். பிறகு எண்ணெய்க் கசிவையும் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

“நீங்க எண்ணெய்ல கை வச்சது அவருக்குத் தெரியும்ணே. நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துகினு இருந்தாரு.”

பேட்டரியில் நான் கைவைக்கவில்லை, மாமு. எண்ணெயில் வைத்தேன். அன்றைக்கே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நீ என்னை நம்பியிருப்பாய்.